கத்தோலிக்கக் கல்லூரியில் கிடைத்த கல்வி உதவி: பத்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கணக்கு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும் எங்கள் ஊரில் பிள்ளைகள் உள்ள வீடுகளில், எவ்வளவு பணம் புரட்ட வேண்டும் என்ற பேச்சுதான் முதலில் எழும். எந்தப் பாடம், எந்தக் கல்லூரி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் 2014-இல் தென்மாவட்டத்தில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரியில் இளங்கலைக் கணிதம் சேர்ந்தேன். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். முதல் ஆண்டு முழுவதும், உதவி எங்கே கிடைக்கும், யாரிடம் கேட்க வேண்டும், எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும் என்று சொல்வதற்கு ஓர் ஆள்கூட இல்லாமல் தனியாகத் தவித்தேன். இரண்டாம் ஆண்டிலிருந்து கிடைத்த உதவி என் படிப்பைக் காப்பாற்றியது என்பது உண்மை. ஆனால் அந்த உதவி அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் எங்கள் குடும்பத்துக்கு என்ன செய்தது என்பதை இப்போதுதான் முழுமையாகக் கணக்குப் பார்க்க முடிகிறது. அந்தக் கணக்கையும், அதற்கு முன்னால் இழந்த பணத்தின் கணக்கையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

அப்பா விவசாயக் கூலி. அம்மா தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தார். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். அதற்கு முன்பு எந்தச் சாதியாக இருந்தோமோ, ஊரின் பார்வையில் இன்றும் அதுவாகவே இருக்கிறோம். அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்து 1,200-க்கு 1,061 மதிப்பெண் எடுத்திருந்தேன். பங்குச் சாமியார் கொடுத்த பரிந்துரைக் கடிதத்துடன் கல்லூரிக்குப் போனபோது, அரசு உதவி பெறும் பிரிவில் கணித இடங்கள் நிரம்பிவிட்டன, சுயநிதிப் பிரிவில் இடம் இருக்கிறது என்றார்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று எனக்கும் தெரியாது, உடன் வந்த அப்பாவுக்கும் தெரியாது. கல்லூரி ஒன்று, வளாகம் ஒன்று, பட்டம் தரும் பல்கலைக்கழகமும் ஒன்று என்பதால், கட்டணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தோம்.

இந்த இடத்தில் ஒன்றை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இன்றும் பெரும்பாலான பெற்றோருக்கு இது தெரிவதில்லை. தமிழ்நாட்டின் பழைய கத்தோலிக்கக் கல்லூரிகளில் பல, அரசு உதவி பெறும் கல்லூரிகள். 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு மாறிய தூய வளனார் கல்லூரி, 1923-இல் தொடங்கிய பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி, 1925-இல் தொடங்கிய சென்னை லயோலா கல்லூரி, 1953-இல் தொடங்கிய மதுரை பாத்திமா கல்லூரி ஆகியவை எல்லாம் அந்த வகை. அங்கே உதவி பெறும் பிரிவின் ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் கொடுப்பதால் மாணவர் கட்டும் தொகை மிகக் குறைவு. பின்னாளில் அதே வளாகங்களில் தொடங்கப்பட்ட சுயநிதிப் பிரிவுகளில் ஆசிரியர் சம்பளம் முதல் மின்கட்டணம் வரை மாணவர் கட்டணத்திலிருந்தே வர வேண்டும். ஆகவே ஒரே கூரையின் கீழ் பல மடங்கு வேறுபட்ட இரண்டு கட்டணங்கள் இருக்கின்றன. விண்ணப்பம் போடும்போதே இரண்டு பிரிவுக்கும் விண்ணப்பியுங்கள். உதவி பெறும் பிரிவில் நீங்கள் விரும்பிய பாடம் கிடைக்காவிட்டால், அதற்கு நெருக்கமான வேறு பாடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு எவ்வளவு ஆகும் என்பதைத் தலைப்பு வாரியாக ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், விடுதி முன்பணம், மெஸ் கட்டணம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் உதவியும் தலைப்பு வாரியாகவேதான் கிடைக்கும்.

எங்களுக்கு முதல் பருவக் கட்டணம் 11,500 ரூபாய். விடுதிக்கு முன்பணமும் சேர்த்து 14,000 ரூபாய். பெட்டி, பாய், துணி, புத்தகம் என்று மேலும் பல ஆயிரம். அம்மாவின் சங்கிலியைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்ததில் 18,000 ரூபாய் கிடைத்தது. மிச்சத்துக்கு அப்பா உள்ளூரில் 20,000 ரூபாயை அஞ்சு வட்டிக்கு வாங்கினார். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் என்று கேட்கும்போது சிறிதாகத் தெரியும். ஆண்டுக்கு அறுபது விழுக்காடு என்று சொன்னால்தான் அதன் கனம் புரியும். இத்தகைய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சேர்க்கைக்குக் கடைசித் தேதி நாளை என்னும்போது சட்டம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. இரண்டாம் பருவத்துக்கு மேலும் 10,000 ரூபாய் வாங்கினார்கள். அதன் பிறகு மாதம் 1,500 ரூபாய் வட்டி. கடன் முழுவதும் அடைபட 2016 மே மாதம் ஆயிற்று. அதற்குள் 30,000 ரூபாய் முதலுக்கு வட்டியாக மட்டும் 31,500 ரூபாய் கட்டியிருந்தார்கள். அம்மா அந்தக் காலத்தில் இரவிலும் வீட்டில் பெட்டி ஒட்டினார். விடுதியிலிருந்து தொலைபேசியில் பேசும்போது பின்னணியில் அட்டை மடிக்கும் சத்தம் கேட்கும். நான் படிப்பதால் அவர் தூக்கம் போகிறது என்ற எண்ணம் அந்த ஆண்டு என்னை ஒரு நாளும் நிம்மதியாக இருக்க விடவில்லை.

இத்தனைக்கும் அரசு உதவித்தொகை பெற எனக்குத் தகுதி இருந்தது. அதுதான் இன்றும் மனத்தை அறுக்கும் பகுதி. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினர் என்ற அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பின்னர் 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்கள் சேர்க்கப்படவில்லை. அதனால் தமிழ்நாட்டில் ஆதிதிராவிடராக இருந்து கிறித்தவராக மாறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, எத்தனை தலைமுறை ஆகியிருந்தாலும், பிற்படுத்தப்பட்டோர் என்றுதான் சாதிச் சான்றிதழ் வரும். ஆனால் கல்வி உதவித்தொகை என்று வரும்போது, மாநில அரசு தன் சொந்த நிதியிலிருந்து, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்களையும் ஆதிதிராவிடர் நலத்துறையின் திட்டத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. சுயநிதிப் படிப்புகளின் கட்டாயக் கட்டணத்தை, அரசு நிர்ணயித்த அளவு வரை ஏற்றுக்கொள்ளும் 2012-ஆம் ஆண்டு அரசாணையும் இவர்களை உள்ளடக்கியதுதான். சான்றிதழ் ஒரு துறையைக் காட்டுகிறது, பணம் இன்னொரு துறையிலிருந்து வருகிறது. இந்த முரண் தெரியாத ஓர் எழுத்தரிடம் உங்கள் விண்ணப்பம் சிக்கினால் ஓர் ஆண்டு போய்விடும்.

எனக்கு அதுதான் நடந்தது. ஒரு முகப்பில், பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு இந்தப் படிவம் கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு முகப்பில், உங்கள் பிரிவுக்கு அந்தத் துறைதான் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் அலைந்துகொண்டிருந்தபோதே கடைசித் தேதி முடிந்தது. அன்று விடுதிக்குத் திரும்பி, யாரும் பார்க்காத நேரத்தில் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு வந்திருக்க வேண்டிய ஓராண்டுக் கல்விக் கட்டணம், ஏறத்தாழ 23,000 ரூபாய், அப்படித்தான் கைவிட்டுப் போனது. உங்களுக்கு இதே நிலை வந்தால் முகப்பில் நின்று வாதாட வேண்டாம். உங்கள் கோரிக்கையை வெள்ளைத்தாளில் எழுதி, சாதிச் சான்றிதழின் நகலையும் இணைத்து, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு முகவரியிட்டுக் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாக மறுப்பது எளிது; எழுத்து வடிவில் வந்த விண்ணப்பத்தை மறுக்க வேண்டுமானால் விதியைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும், அப்போது விதி உங்கள் பக்கம் நிற்கும்.

இரண்டாம் பருவத் தேர்வுக்கு முன்னால் விடுதிக் கட்டணம் நிலுவையில் இருந்தவர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டன. என் பெயரும் இருந்தது. ஹால் டிக்கெட் கிடைக்காது என்றார்கள். வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்து பெட்டியைக் கட்டத் தொடங்கியிருந்தேன். அப்போது என் அறைத்தோழி, விளாத்திகுளம் பக்கத்து இந்துக் குடும்பத்துப் பெண், தனக்கு அந்த ஆண்டு பாதி மெஸ் கட்டணத்தைக் கல்லூரி நிர்வாகமே தள்ளுபடி செய்திருப்பதைச் சொன்னாள். அவளுடைய அக்கா அதே கல்லூரியில் படித்தவர் என்பதால், ஜூலை மாதத்தில் துணை முதல்வர் அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுப்பார்கள் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. கத்தோலிக்கப் பெண்ணான எனக்குத் தெரியாத கத்தோலிக்கக் கல்லூரியின் உதவி, முன்பே விவரம் தெரிந்த ஒரு அக்கா இருந்ததால் அவளுக்குக் கிடைத்திருந்தது. அதில் எனக்கு அவள் மீது சிறிதும் பொறாமை இல்லை. அவளும் என்னைப் போலவே ஏழை. ஆனால் அறிவிப்பாக வெளியிடப்பட வேண்டிய ஒன்று, அக்கா தங்கை வழியாக மட்டும் பரவுவது நியாயம் ஆகாது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

மறுநாள் துறைத்தலைவராக இருந்த அருட்சகோதரியிடம் போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். வீட்டு வருமானம், கடன், வட்டி, தம்பியின் படிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அந்த ஆண்டுக்கான உதவிப் பணம் பங்கிடப்பட்டுவிட்டதால், விடுதி நிலுவையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க மட்டும் அனுமதி வாங்கித் தந்தார். அந்த அனுமதிதான் என்னைத் தேர்வு எழுத வைத்தது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதை மட்டுமே நாம் உதவி என்று நினைக்கிறோம். கட்ட வேண்டிய தேதியைத் தள்ளிவைப்பதும் உதவிதான், பல சமயங்களில் அதுவே பெரிய உதவி. அரசு உதவித்தொகை மாணவர் கணக்குக்கு வந்துசேர மாதங்கள் ஆகும், சில சமயம் அடுத்த நிதியாண்டு ஆகிவிடும். அதுவரை கட்டணத்தை நிறுத்திவைக்கும்படி முதல்வருக்கு எழுத்துவடிவில் விண்ணப்பம் கொடுங்கள். அந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் வட்டிக்காரரிடம் போகின்றன.

ஜூலையில் படிவம் வாங்கினேன். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை நகல், மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், குடும்பநிலையை விளக்கும் ஒரு பக்கக் கடிதம் ஆகியவற்றை இணைக்கச் சொன்னார்கள். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு மேசையாகக் கடந்து வரவேண்டும். ஆகவே தேர்வு முடிவுக்குக் காத்திருக்காமல் மே மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. குடும்பநிலைக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று பலர் கேட்கிறார்கள். வறுமையை உருக்கமாக வர்ணிக்க வேண்டியதில்லை. மாத வருமானம் எவ்வளவு, வாடகை, வட்டி, மருத்துவச் செலவு எவ்வளவு, படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், கல்லூரிக்கு நம்மால் எவ்வளவு கட்ட முடியும், எவ்வளவு குறைகிறது என்று எண்களில் எழுதினால் போதும். நான் அப்படித்தான் எழுதினேன். நேர்காணலில் அந்த எண்களைப் பார்த்தே முடிவு செய்தார்கள்.

கிடைத்தது இவ்வளவு: அரசு உதவித்தொகைக்கு அந்த அருட்சகோதரியே விதியைக் காட்டி என் விண்ணப்பத்தை ஏற்க வைத்தார், அது வரும்வரை கல்விக் கட்டணம் நிறுத்திவைக்கப்பட்டது. மெஸ் கட்டணத்தில் பாதியை நிர்வாகம் ஏற்றது. மீதியில் ஒரு பகுதியை முன்னாள் மாணவியர் அறக்கட்டளை ஒன்று கொடுத்தது. எஞ்சியதற்கு மாலையில் நூலகத்தில் புத்தகம் அடுக்கி, பதிவேடு எழுதும் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து வர வேண்டியது பேருந்துக்கும் சோப்புக்கும் ஆகும் செலவு மட்டும்தான் என்ற நிலை வந்தது.

வங்கிக் கணக்கு பற்றி ஒரு சொல். பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய கணக்கைத்தான் நான் படிவத்தில் எழுதியிருந்தேன். இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லாத கணக்கைச் செயல்படாத கணக்காக வங்கி மாற்றிவிடும். அதற்கு அனுப்பும் பணம் திரும்பிப் போய்விடலாம். திரும்பிப் போன பணத்தை மீண்டும் வரவழைப்பது பெரும்பாடு. அலுவலகத்தில் ஒரு அக்கா அதைக் கவனித்து என்னை வங்கிக்கு அனுப்பியதால் தப்பினேன். இன்றைக்கு இது இன்னும் முக்கியம். பணம் ஆதார் எண் வழியாக அனுப்பப்படுவதால், எந்த வங்கிக் கணக்கு உங்கள் ஆதாருடன் இணைந்திருக்கிறது என்பதை வங்கியிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய வேறொரு கணக்கு இணைந்திருந்தால், படிவத்தில் நீங்கள் எழுதிய கணக்குக்குப் பணம் வராது.

கசப்பான ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உதவி பெறுபவர்களின் பெயர்களைக் காலைக் கூட்டத்தில் வாசித்து, வரிசையில் வந்து கையெழுத்திடச் சொல்லும் வழக்கம் அன்று எங்கள் கல்லூரியில் இருந்தது. கொடுப்பவர்கள் அதைப் பெருமையாகவே நினைத்திருப்பார்கள். வரிசையில் நின்ற எனக்குக் கால் கூசியது. பின்னால் ஒரு புதிய முதல்வர் வந்து அதை நிறுத்தினார். ஏழைப் பிள்ளைகள் உதவி கேட்கத் தயங்குவதற்கு, தெரியாமை பாதிக் காரணம் என்றால் இந்தக் கூச்சம் மீதிக் காரணம். அதே சமயம், உதவிக்குப் பதிலாக ஜெபத்துக்கு வர வேண்டும், மதம் மாற வேண்டும் என்று என் அறைத்தோழியிடம் யாரும் ஒருபோதும் கேட்டதில்லை. கத்தோலிக்கர் அல்லாதவர்கள் இதைப் பற்றித் தயங்கி ஒதுங்க வேண்டாம்.

இனி அந்த உதவியின் நீண்டகாலப் பலனுக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டில் வீட்டிலிருந்து கட்டணம் போகாததால், அம்மா தன் மகளிர் குழு வழியாக வங்கிக் கடன் வாங்கி, வட்டிக்காரருக்கு முதல் முழுவதையும் ஒரே தவணையில் அடைத்தார். அஞ்சு வட்டி நின்றது. குழுக் கடனை மாதத் தவணையில் கட்டி முடித்தார்கள். கல்லூரி கொடுத்த தொகை அந்த ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தான். ஆனால் அது எங்களை விடுவித்தது, ஆண்டுக்கு அறுபது விழுக்காடு தின்றுகொண்டிருந்த ஒரு கடனிலிருந்து. உதவித்தொகையின் மதிப்பை அதன் தொகையால் அளப்பவர்கள் இதைக் காண்பதில்லை.

தம்பி அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தான். பத்தாவது முடித்ததும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதாக வீட்டில் ஏறத்தாழ முடிவாகியிருந்தது. என் கட்டணச் சுமை இறங்கியதும் அந்தப் பேச்சு தானாக நின்றது. அவன் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயம் முடித்து, இன்று வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறான். அந்த உதவிப் பட்டியலில் அவன் பெயர் எங்கும் இல்லை, ஆனால் அதில் பயன்பெற்ற இரண்டாவது ஆள் அவன்தான். என் சித்தி மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மூன்று ஆண்டுகள் நூற்பாலை விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் திருமணத்துக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லும் சுமங்கலித் திட்டத்தில் அவளை அனுப்பினார்கள். நான் பட்டம் படித்த அதே மூன்று ஆண்டுகள். அவள் இருமலுடன் திரும்பி வந்தாள். எங்கள் இருவருக்கும் அறிவில் வேறுபாடு கிடையாது. சிறுவயதில் கணக்கில் அவள்தான் என்னை முந்துவாள்.

2017-இல் பட்டம் முடித்தபோது ஒரு தனியார் பள்ளியில் மாதம் 7,000 ரூபாய்க்கு வேலை இருந்தது. கடன் இருந்திருந்தால் மறுபேச்சில்லாமல் அதில் சேர்ந்திருப்பேன். கடன் இல்லாததால் அதை மறுத்து, அதே கல்லூரியில் முதுகலை சேர முடிந்தது. கல்விக் கடன் வாங்கிப் பொறியியல் படித்த என் பள்ளித்தோழிக்கு அந்தச் சுதந்திரம் இருக்கவில்லை. நான்கு லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்குப் பிணை கேட்பதில்லை என்பதால் எளிதாகக் கிடைத்தது. படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதால் சுமையும் தெரியவில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அந்த வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருந்தும் அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. தவணை தவறியதில், கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்ட அவள் அப்பாவின் கடன் மதிப்பெண்ணும் சேர்ந்து விழுந்தது. கடனே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. திருப்பிக் கட்ட வேண்டாத உதவி எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்த பிறகு, மிஞ்சும் குறைக்கு மட்டும் கடன் வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்த அப்துல் கலாம், அடுத்துச் சென்னையில் தொழில்நுட்பப் படிப்பில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அவருடைய சகோதரி ஜோஹரா தன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். நன்றாகப் படித்து உதவித்தொகை பெற்று, அந்த நகையைத் தன் சம்பாத்தியத்தில் மீட்க வேண்டும் என்று கலாம் உறுதிகொண்டதாகப் பதிவு செய்திருக்கிறார். ஏழைக் குடும்பங்களில் படிப்பு என்பது எப்போதும் யாரோ ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து தொடங்குகிறது. அம்மாவின் சங்கிலியை என் முதுகலை இரண்டாம் ஆண்டில்தான் மீட்டோம். அதற்குள் கூட்டுறவுச் சங்க வட்டியும் கணிசமாக ஏறியிருந்தது.

அடுத்து ஆசிரியர் கல்விப் பட்டம் படித்தேன். 2022 பிப்ரவரியில் முதுகலை ஆசிரியர் தேர்வை எழுதினேன். இன்று அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். இந்தப் பணியின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,900 ரூபாய். அந்தத் தேர்வுக்கு வீட்டில் உட்கார்ந்து படிக்க எனக்கு மாதக்கணக்கில் நேரம் கிடைத்தது என்பதுதான், திரும்பிப் பார்க்கும்போது, அந்தக் கல்லூரி உதவியின் மிகப்பெரிய விளைவாகத் தெரிகிறது. காத்திருக்க முடிவது பணமுள்ளவர்களின் உரிமையாக இருந்தது. கடனில்லாமல் வெளியே வந்ததால் எனக்கும் அது கிடைத்தது. நூலக வேலையும் வீண்போகவில்லை. பதிவேடு, கணினிப் பட்டியல், வருபவர்களிடம் பேசும் பழக்கம் எல்லாம் அங்கே கற்றவை. பல்கலைக்கழக விண்ணப்பங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தவரும் அந்த நூலகர்தான்.

உதவி கிடைத்துவிட்டது என்று இருந்துவிடவும் கூடாது. பெரும்பாலும் ஆண்டுதோறும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வருகைப்பதிவு குறைந்தாலும், அரியர் விழுந்தாலும் நிறுத்திவிடுவார்கள். கொடுக்கும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: இது திருப்பித் தர வேண்டியதா, எந்தத் தலைப்புக்கு இது பொருந்தும், எந்த நிபந்தனையில் நின்றுபோகும். என் வகுப்பில் ஒரு பெண், தனக்குக் கிடைத்தது பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணத்துக்குப் பொருந்தாது என்பதைக் கடைசி நாளில்தான் அறிந்தாள். ஒரு கல்லூரியில் சேர்ந்தபின் வேறு கல்லூரியில் உதவியுடன் இடம் கிடைத்தால், கட்டிய பணம் போய்விடும் என்று பயந்து தங்கிவிடவும் வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் சிறு பிடித்தம் போக முழுத் தொகையும், கடைசித் தேதியிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் விலகினால் 80 விழுக்காடும், முப்பது நாட்களுக்குள் விலகினால் 50 விழுக்காடும் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களை நிறுத்திவைக்கவும் கூடாது. இரசீதுகள் உங்கள் கையில் இருந்தால்தான் இதைக் கேட்க முடியும்.

எனக்கு இல்லாத சில வாய்ப்புகள் இப்போதைய பிள்ளைகளுக்கு இருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. கத்தோலிக்கக் கல்லூரியில் படித்தாலும் இவை கிடைக்கும். வேறு உதவித்தொகை பெறுவது இதற்குத் தடையில்லை. மாதம் ஆயிரம் என்பது எங்கள் வீடு 2014-இன் பிற்பாதியில் கட்டிய மாத வட்டிக்குச் சமம். அதைக் கல்லூரியின் நிர்வாக உதவியுடன் சேர்த்தால், விடுதி தவிர்த்து மற்ற செலவுகளை வட்டிக்காரரிடம் போகாமலே சமாளித்துவிடலாம்.

அறக்கட்டளை உதவித்தொகை எப்படி இயங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தொடங்குவது பெரிய மனிதர்களுக்கு மட்டுமே முடியும் என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு லட்சம் ரூபாயை வைப்புநிதியாகக் கல்லூரியிடம் ஒப்படைத்தால், முதலைத் தொடாமல், ஏழு விழுக்காடு வட்டி கிடைக்கும் காலத்தில் ஆண்டுக்கு 7,000 ரூபாய் வரும். உதவி பெறும் பிரிவில் ஒரு மாணவியின் ஆண்டுக் கட்டணத்தை அது ஏறத்தாழ முழுமையாகவே ஏற்கும், சுயநிதிப் பிரிவில் ஒரு பருவக் கட்டணத்தில் பெரும் பகுதியைத் தாங்கும். எங்கள் வகுப்புத் தோழிகள் சேர்ந்து அப்படி ஒன்றை அமைக்கப் பணம் திரட்டிவருகிறோம். கல்லூரிக்கு எழுதிய கடிதத்தில் மூன்று நிபந்தனைகளை வைத்திருக்கிறோம். சுயநிதிப் பிரிவின் முதல் பருவ மாணவிகளுக்கே முன்னுரிமை தர வேண்டும். விண்ணப்பப் படிவத்தைச் சேர்க்கைப் படிவத்துடன் சேர்த்தே, கேட்காமலே, எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். பெறுபவரின் பெயரை எந்தக் கூட்டத்திலும் வாசிக்கக் கூடாது. முதல் இரண்டுக்கும் நிர்வாகம் சம்மதம் தெரிவித்துவிட்டது. மூன்றாவதை எங்கள் கடிதத்தோடு நிறுத்தாமல், எல்லா உதவித்தொகைக்கும் பொதுவான விதியாக எழுத்தில் வைக்கும்படி கேட்டிருக்கிறோம்.